கடலில்லா ஊரிலே கடற்காவல்

நாம் குடியிருக்கும் ஐதராபாத்தில் இல்லாத பொருள் எது என்று தமிழகக் கடற்கரையிலிருந்து வந்தவர் எவரைக் கேட்டாலும், கடல் என்றே விடை கூறுவர். ஏரிகள் உண்டு, பாறைகள் உண்டு, மூசி ஆறும் உண்டு. கடலைக் காண வேண்டுமாயின், தென்கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் சென்று மசூலிப்பட்டினக் கரையில்தான் நிற்க வேண்டும். இத்தகைய ஊரில், நம் நாட்டைச் சூழ்ந்த கடலை இரவு பகலாகக் கண்காணிக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது என்றால், நம்மவரில் பலருக்கு அது வியப்பாகவே இருக்கும்.

நகரின் வடமேற்கில், பிரகதி நகர்ப் பகுதியில் உள்ளது அந்த நிலையம். இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் என்பது அதன் பெயர். 'இன்காய்ஸ்' என்று சுருக்கமாக அழைப்பர். 1999 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. கடலைக் காக்கும் நிலையத்தைக் கடலே இல்லாத ஊரில் வைத்தது ஏன் என்று எவரும் கேட்பது இயல்பே. கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியும் கடல் சில கல் தொலைவுதான். எஞ்சிய பெருங்கடலின் செய்தி யாவும் இன்று செயற்கைக்கோள் வழியாகவே வந்து சேருகிறது. அச்செய்தியை எந்த ஊரிலிருந்தும் பெறலாம். பேரலை எழும் நாளில் காவலனின் வீடு அலைக்கு எட்டாத மேட்டில் இருப்பதும் நல்லதுதானே!

எங்கள் இல்லத்துக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை உண்டு. நாங்கள் குமரி மாவட்டத்துக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். செகந்திராபாத்தில் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. எங்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களுக்குக் கடல் என்பது கோடை விடுமுறையில் காணும் ஒரு காட்சி. ஆனால் எங்கள் சிற்றப்பாவின் குடும்பம் இன்றும் கடலை நம்பியே வாழ்கிறது. சிற்றப்பாவின் மகன், எங்களுக்குத் தம்பி முறை. ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிக்கும் விசைப்படகில் செல்பவர். ஒரு முறை புறப்பட்டால் முப்பது நாளோ நாற்பது நாளோ கழித்தே கரை காண்பார். அவர் கடலில் இருக்கும் நாள்களில் ஊரில் உள்ள சித்திக்கும், இங்கே உள்ள எங்களுக்கும் காலையில் எழுந்தவுடன் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: இன்று கடல் எப்படி இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை காணும் வழிகள் எவை என்பதை இவ்வூருக்கு வந்த பின்னரே நாங்கள் சிறிது சிறிதாகக் கற்றோம். கற்றவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடலோரத்தில் உறவினர் உடைய குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. அவர்களுக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அன்று.

முதலில், கடல் எங்ஙனம் அளக்கப்படுகிறது என்று பார்ப்போம். ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட பெரிய மிதவைகள் உள்ளன. இவற்றை அமைத்துப் பராமரிப்பது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். 1993 இல் நிறுவப்பட்ட அக்கழகத்தின் மிதவைத் திட்டம் 1996 இல் தொடங்கியது. காற்றின் வேகம், திசை, காற்றழுத்தம், அலையின் உயரம், நீரின் வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றை இம்மிதவைகள் அளக்கின்றன. சில மிதவைகள் தம் கீழே தொங்கும் கம்பியில் கருவிகளைக் கோத்து, 500 மீட்டர் ஆழம் வரையில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அறிகின்றன. அளந்தவை அனைத்தும் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வருகின்றன.

கரைக்கு அண்மையில் மஞ்சள் நிறத்தில் உருண்டையான சிறு மிதவைகளைக் காணலாம். அவை அலையோடு ஏறி அலையோடு இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே அலையின் உயரத்தைக் கணக்கிடுகின்றன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'அலை உயரம் 2 மீட்டர்' என்று அறிவிப்பு வந்தால், எல்லா அலையும் 2 மீட்டர் என்பது பொருள் அன்று. அலைகளுள் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரி உயரத்தையே அவ்வாறு கூறுகின்றனர். ஆதலின் அந்த அறிவிப்புள்ள நாளில் ஏறக்குறைய 4 மீட்டர் உயரமுள்ள அலை ஒன்று இடையே எழக்கூடும். துறைமுக வாயிலிலோ ஆற்று முகத்திலோ சிறு படகு நுழையும் வேளையில் அந்த ஓர் அலை எழுந்தால் போதும், படகு கவிழ்ந்துவிடும். அறிவிப்பைப் படிப்பவர் இதை அறிந்திருப்பது உயிர்காக்கும் அறிவாகும்.

கரையிலேயே நின்று கடலைப் பார்க்கும் ரேடார்களும் உள்ளன. கல்பாக்கத்தில் ஒன்றும் கடலூரில் ஒன்றுமாக இரண்டு நிலையங்கள் இணைந்து இயங்குமாறு அமைக்கப்பட்டவை. இவை வானொலி அலைகளைக் கடல்மீது செலுத்தி, கடல் அலைகளில் பட்டுத் திரும்புவதைப் பெற்று, மேற்பரப்பு நீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணிக்கின்றன. ஒரு ரேடார் மட்டும் இருந்தால், நீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதை மட்டுமே அறியும். இரண்டு இடங்களிலிருந்து ஒரே நீரைப் பார்த்தால்தான் அதன் உண்மையான போக்குத் தெரியும். ஒருவர் கூறுவதை மட்டும் கேட்டு வழக்குத் தீர்க்க முடியாததுபோல என்று கொள்க.

கடலை அளப்பது நம் நாட்டுக்குப் புதிது அன்று. பம்பாய்த் துறைமுகத்தில் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை அளந்து எழுதிய கணக்கு 1878 முதல் கிடைக்கிறது. கப்பல் துறைமுகத்துள் நுழையும்போது அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு நீர் இருக்கிறது என்று அறிய வேண்டுமன்றோ? அதற்காகவே அக்கருவிகள் வைக்கப்பட்டன. 1883 இல் ஜாவாவுக்கு அருகே கிரகதோவா எரிமலை வெடித்தபோது எழுந்த பேரலையின் சுவடு, நம் கரையில் இருந்த அத்தகைய கருவிகளிலும் பதிந்தது.

2004 டிசம்பர் 26 அன்றும் அவ்வாறே பதிந்தது. அன்று காலை நம் நேரப்படி 6 மணி 29 நிமிட அளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. சென்னையை அலை அடைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இலங்கையைச் சுற்றிக்கொண்டு எங்கள் குமரிக் கரைக்கு வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருந்த கருவிகள் அலை வந்ததைப் பிழையின்றி வரைந்து வைத்தன. வரைந்ததை எவரும் அந்நேரத்தில் காணும் வழி இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 உயிர்கள் போயின. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் எங்கள் உறவினரும் உண்டு. கருவி அளந்தது, அளந்த சொல் உரிய வேளையில் வந்து சேரவில்லை.

'உடனுக்குடன் கண்காணித்தல்' என்று இன்று சொல்லப்படுவதன் பொருளை நாங்கள் உணர்ந்தது இவ்விடத்தில்தான். அளவு எவ்வளவு துல்லியமானது என்பது ஒரு கேள்வி. அது எப்போது, யாருடைய காதில் விழுகிறது என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையேல் முதலாவதன் விடை ஏட்டில் மட்டுமே பயன்படும்.

அப்பேரழிவுக்குப் பின் நம் நாடு விழித்துக்கொண்டது. 2007 அக்டோபரில் இவ்வூர் நிலையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. ஆழ்கடலின் தரையில் வைக்கப்பட்ட அழுத்தமானி, தன்மேல் நிற்கும் நீரின் எடையை ஓயாமல் அளக்கிறது. நடுக்கடலில் சுனாமி அலை ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். விமானத்தின் வேகத்தில் செல்லும். அதன்மேல் மிதக்கும் கப்பலில் இருப்பவர் அதை உணரவும் மாட்டார். ஆனால் தரையில் கிடக்கும் கருவி, நீர்மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் மாறினாலும் அறிந்துகொள்ளும். அறிந்ததை ஒலி வடிவில் மேலே உள்ள மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். செயற்கைக்கோள் ஐதராபாத்துக்கு அனுப்பும். நிலநடுக்கம் நேர்ந்த பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிவிப்பை வெளியிடுவது இம்மையத்தின் இலக்கு. இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் போல இந்தியாவும் 2011 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் பலவற்றுக்கு இத்தகவலை வழங்கி வருகிறது.

எச்சரிப்பது மட்டும் போதாது. எச்சரிக்கையை நீக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. மக்கள் அஞ்சிக் கரையை விட்டு ஓடினர். அன்று நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததேயன்றி மேலெழவில்லை. ஆதலின் பெரிய அலை எழவில்லை. கருவிகள் அதை உறுதிப்படுத்தின. அன்றைய தினமே எச்சரிக்கை விலக்கப்பட்டது. வீண் அச்சத்தால் மக்கள் பலமுறை ஓடினால், உண்மையான அபாயத்தின்போது ஓட மறுப்பர். எனவே 'அஞ்ச வேண்டா' என்று உரிய நேரத்தில் சொல்வதும் காவலின் ஒரு பகுதியே ஆகும்.

இனி எங்கள் இல்லத்தின் கதைக்கு வருகிறோம். 2017 நவம்பர் மாதம் தம்பியின் படகு ஆழ்கடலில் இருந்தது. இலங்கைக்குத் தென்கிழக்கே நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக உருவானது, மறுநாள் காலையில் ஒக்கிப் புயலாக மாறிக் குமரி முனையை நெருங்கிற்று. பின்னர் அரபிக்கடலில் இறங்கி, இலட்சத்தீவுகளை நோக்கிச் சென்று கடுமையாயிற்று. கரையில் இருந்தோர் கடலில் இறங்காதிருக்கலாம். பல நாள்களுக்கு முன்பே சென்றுவிட்டோருக்கு யார் சொல்வது? கரையிலிருந்து 10 அல்லது 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி ஒலிப்பதில்லை. அவர்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தனர்.

அந்த நாள்களை எங்கள் வீட்டில் எவரும் மறக்கவில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் சித்தியோடு பேசுவோம். 'செய்தி ஏதும் உண்டா?' என்று அவர் எங்களைக் கேட்பார். நாங்கள் அவரைக் கேட்போம். கரை ஒதுங்கிய படகுகளின் செய்தி இலட்சத்தீவிலிருந்தும் மகாராட்டிரத்துத் தேவ்கட்டிலிருந்தும் சிறுகச் சிறுக வந்தது. ஒன்பதாம் நாள் தம்பியின் குரல் கேட்டது. இலட்சத்தீவுகளில் ஒன்றில் பிழைத்து ஒதுங்கியிருந்தார். ஆனால் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த இல்லத்துக்கு அத்தகைய குரல் வரவேயில்லை. குமரிக் கடற்கரையில் அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விளக்கு ஏற்றாத வீடுகள் பல.

பின்னர் ஒரு முறை அவர் ஐதராபாத்துக்கு வந்திருந்தபோது, அந்நாள்களைப் பற்றிக் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: 'அண்ணே, காற்று மாறுகிறது என்பது எங்களுக்கும் தெரிந்தது. வாடையும் கச்சானும் எங்களுக்குப் பழக்கமில்லாதவையா? எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கரையில் இருந்தார்கள். நாங்கள் கடலில் இருந்தோம்.'

இவ்விடைவெளியை நிரப்ப முயற்சிகள் நடந்துள்ளன. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. விமானங்களுக்கு வழிகாட்டும் 'ககன்' செயற்கைக்கோள் அமைப்பின் வழியே, கைப்பேசி எட்டாத நடுக்கடலிலும் எச்சரிக்கையை இது பெறும். பெற்றதைப் படகில் உள்ள கைப்பேசிக்கு மாற்றும். நம் மொழியிலேயே படிக்கலாம். ஆனால் அது கேட்கும் காது. பேசும் வாய் அன்று. அபாயத்தில் இருப்பவர் அதன் வழியாகத் தம் நிலையைச் சொல்ல இயலாது. இருபுறமும் செய்தி செல்லும் கருவிகளை 1 லட்சம் மீன்பிடி படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. சிறு படகுகள் கவிழக்கூடிய கடற்பகுதிகளைப் பத்து நாள் முன்னதாகவே கணித்துச் சொல்லும் சேவையை இவ்வூர் நிலையம் 2020 முதல் வழங்குகிறது. அலையின் உயரம் மட்டுமன்றி, அதன் செங்குத்தும், காற்று திடீரென வலுக்கும் வேகமும் அக்கணக்கில் சேரும்.

நடுக்கடலுக்குச் செல்பவருக்கே அபாயம் என்று எண்ணற்க. கரையில் கால் நனைப்பவருக்கும் உண்டு. தென் கடற்கரையிலும் கேரளத்திலும் 'கள்ளக்கடல்' என்றொரு சொல் வழங்குகிறது. காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிந்திருக்கிறது. அப்போது கடல் கள்வனைப் போலச் சத்தமின்றிப் பெருகிக் கரையேறும். இதன் காரணம் நம் கரையில் இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகு தொலைவில், தென்பெருங்கடலில் வீசும் கடுங்காற்று எழுப்பிய நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, பல நாள் கழித்து இங்கே வந்து சேருகின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 15 நொடிக்கு மேல் ஆவதால், கடல் அமைதியாகவே தோன்றும். மீனவர் வழங்கிய இச்சொல்லை 2012 இல் யுனெஸ்கோ நிறுவனமும் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய அலை புறப்பட்ட இடத்தைச் செயற்கைக்கோள் காண்கிறது; வந்து சேரும் நாளைக் கணக்குச் சொல்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அவ்வாறே எச்சரிக்கை வெளியிடப்பட்டது. ஆயினும் மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். திருமண விழாவுக்காக வந்த இளையோர் அவர்கள். கடலைப் பார்க்க வரும் வெளியூரார்க்கு எச்சரிக்கையைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இல்லை. தெளிந்த வானத்தை நம்புவர். நம் பிள்ளைகளும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வெளியூராரே என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

உயிரைப் போலவே கரையையும் காக்கவேண்டும். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த கரிய எண்ணெய் எர்ணாவூர்ப் பாறைகளுக்கிடையே திரண்டது. மெரினாக் கரை வரையிலும் படர்ந்தது. மாணவரும் மீனவரும் வாளிகளால் அதை மொண்டு எடுத்த காட்சியை நாம் படங்களில் கண்டோம். கடலில் சிந்திய எண்ணெய் நீரோட்டத்தோடு செல்லும். அத்துடன் காற்றின் வேகத்தில் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் காற்றாலும் தள்ளப்படும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், எண்ணெய் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1 கிலோமீட்டர், ஒரு நாளில் சுமார் 26 கிலோமீட்டர் நகரும். மிதவைகளும் ரேடாரும் தரும் இன்றைய நீரோட்டமும் காற்றும் கையில் இருந்தால், நாளை எந்த ஊரின் கரை கறுக்கும் என்று இன்றே சொல்லலாம். தடுப்பு மிதவைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம். இக்கணக்கைச் செய்து தரும் சேவை இவ்வூர் நிலையத்தில் உள்ளது.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 640 பெட்டகங்களோடு ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். ஆயினும் பெட்டகங்களில் இருந்த சிறு பிளாஸ்டிக் மணிகள் நீரோட்டத்தில் தெற்கே வந்து திருவனந்தபுரத்திலும் எங்கள் குமரிக் கரையிலும் ஒதுங்கின. அரிசியோடு கலந்த கல்லைப் பொறுக்குவதுபோல் மணலிலிருந்து அவற்றைப் பிரித்ததாகச் சித்தி சொன்னார். கொச்சிக்கு அருகே நடந்தது நம்மூருக்கு ஏன் வரவேண்டும் என்று அவர் கேட்டார். கடலுக்கு மாவட்ட எல்லையோ மாநில எல்லையோ தெரியாது. நீரோட்டத்தை அறிந்தவரே அவ்விளைவை முன்னறிய முடியும். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் நீரின் வெப்பம் மிகுந்தால் வெளுத்துப்போகும். அந்த வெப்பத்தையும் செயற்கைக்கோள்கள் கண்காணித்து வருகின்றன.

இவ்வளவு காவல் இருந்தும், காவலனுக்கே காவல் தேவைப்படுகிறது. ஆழ்கடல் மிதவைகள் அடிக்கடி சேதமுறுகின்றன. புயலால் மட்டும் அன்று, மனிதராலும். மிதக்கும் எந்தப் பொருளின் நிழலிலும் மீன் கூடும். ஆதலால் படகுகள் மிதவையை அணுகுகின்றன, வலை சிக்குகிறது, சிலர் படகையே அதில் கட்டி விடுகின்றனர். கருவி நின்றுவிட்டால், அந்தக் கடற்பகுதியின் செய்தி கரைக்கு வராது. இது குறித்துத் தம்பியைக் கேட்டோம். 'ஒக்கிக்கு முன் அது யாருடைய மிதவையோ என்று நினைத்தவர்கள் உண்டு, அண்ணே. இப்போது எங்கள் படகில் இருப்பவர்களிடம் நான் சொல்வது இது: அந்த மஞ்சள் மிதவை நம் வீட்டுக்குச் செய்தி சொல்கிற ஆள், அவன் கழுத்தில் கயிறு கட்டாதீர்கள்' என்றார். விஞ்ஞானிகள் ஊர் ஊராகச் சென்று விளக்குவதைவிட, ஒரு மீனவர் மற்றொரு மீனவரிடம் சொல்லும் இவ்வார்த்தை ஆழப் பதியும் என்பது எங்கள் எண்ணம்.

மீனவரின் பரம்பரை அறிவு வேண்டாம், கருவி ஒன்றே போதும் என்று நாங்கள் கூறவில்லை. காற்றின் வாசனையாலும், நீரின் நிறத்தாலும், பறவையின் போக்காலும் கடலை அறியும் அவர்கள் கல்வி பெரிது. ஆனால் தென்பெருங்கடலில் நேற்று வீசிய காற்றை எந்தக் கண்ணும் காணாது; சுமத்திராவின் அடியில் பிளந்த நிலத்தை எந்தக் காதும் கேளாது. அருகில் உள்ளதை அனுபவம் அறியும். தொலைவில் உள்ளதைக் கருவி அறியும். இரண்டும் ஒரே படகில் இருக்க வேண்டும்.

இனி, கடலினின்றும் வெகுதூரம் வந்துவிட்ட நமக்கு இதில் பங்கு என்ன? இதற்கு 2004 ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியே விடை கூறுகிறது. புதுவையை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. அன்றாடம் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் பணிகளுள் ஒன்று. அவ்வூர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். சுனாமிச் செய்தியை அங்கே தொலைக்காட்சியில் கண்டவுடன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, அனைவரையும் கரையை விட்டு வெளியேற்றினர். ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்ற ஒருவரும், ஊரில் இருந்த ஓர் ஒலிபெருக்கியும், அலைச் செய்தியை நாளும் கேட்டுப் பழகிய காதுகளும் ஒன்று சேர்ந்ததால் நேர்ந்த நன்மை அது.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம், வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஊருக்கு அனுப்பக்கூடிய பொருள்களுள் பணம் ஒன்று மட்டும் அன்று என்று எங்களுக்குத் தோன்றும். செய்தியையும் அனுப்பலாம். நமக்கு ஓய்வும் இணையமும் மின்சாரமும் பெரும்பாலும் தடையின்றிக் கிடைக்கின்றன. படகை இழுத்துக்கொண்டிருப்பவருக்கும், வலையைச் சீர் செய்துகொண்டிருப்பவருக்கும் அவை எப்போதும் கிடைப்பதில்லை.

எங்கள் இல்லத்தில் பின்பற்றும் வழக்கத்தைச் சொல்லுகிறோம். காலையில் காப்பி ஆனவுடன் எங்கள் மூத்த மகள் கடல் நிலைய அறிவிப்பைப் பார்ப்பாள். குமரிக் கடற்பகுதிக்கு உயரலை எச்சரிக்கையோ கள்ளக்கடல் எச்சரிக்கையோ இருந்தால், அதைத் தமிழில் இரண்டே வரியில் எழுதிச் சித்தி வீட்டுக்கும், அங்குள்ள பங்கின் இளைஞர் ஒருவருக்கும் அனுப்புவாள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு உயரம் என்ற மூன்று செய்திகள் மட்டும். மூலத்தில் இல்லாத ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. வதந்தியை அனுப்புவதே இல்லை. எச்சரிக்கை நீங்கினால் அதையும் தவறாமல் அனுப்புவாள். இளைஞர் அதைக் கோவில் ஒலிபெருக்கியில் படிப்பார். இதற்குச் செலவாகும் நேரம் ஐந்து நிமிடம். கடலே பார்த்து வளராத எங்கள் மகள் இன்று அலைகளின் இடைவெளியைப் பற்றித் தன் சித்தப்பாவோடு வாதிடுகிறாள் என்பது எங்களுக்குக் கிடைத்த கூடுதல் இலாபம்.

நம் சங்கத்தில் நாகப்பட்டினத்தார் உண்டு. கடலூரார், தூத்துக்குடியார், இராமநாதபுரத்தார் உண்டு. அவரவர் ஊருக்கு அவரவர் வீட்டில் ஒருவர் இப்பணியை மேற்கொள்ளலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் கடலோர ஊர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, எந்த ஊருக்கு யார் என்று குறித்துக்கொள்வது நன்று. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும் பெற்றோர், பயணச்சீட்டோடு கடல் அறிவிப்பையும் ஒரு முறை பார்த்துவிடுதல் வேண்டும்.

தம்பி சென்ற வாரம் மீண்டும் கடலுக்குப் புறப்பட்டார். இம்முறை படகில் கருவி இருக்கிறது. புறப்படுமுன் பேசினார்: 'அண்ணே, கருவி பாட்டுக்குச் சொல்லும். இருந்தாலும், பிள்ளையிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு நாள்தோறும் எழுதட்டும். கரையில் இருப்பவர்களுக்கும் தூக்கம் வரவேண்டுமல்லவா?' அவ்வாறே எழுதி வருகிறாள்.